அண்ணாச்சியின் காது

ஞாயிறு விடிகாலையில் நன்மங்கலம் காட்டுக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் கிளம்பும் எங்கள் கூட்டத்தில் எல்லோர் கழுத்திலும் பைனாகுலர் தொங்கும். அண்ணாச்சியிடமும் ஒன்று இருந்தது. பெரும்பாலும் பையைவிட்டு வெளியே வராது. அவர் பறவைகளைக் கேட்பவர். நான் அறிந்த வரையில் அந்தக் கலையில் அவருக்கு ஈடாக ஒருவரைச் சொல்ல முடியவில்லை.

செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆலும் அரசும் உள்ள எந்தத் தெருவிலும் அதன் 'டுக், டுக்' ஓயாமல் கேட்கும். பறவையோ கண்ணில் படாது. அலகைத் திறக்காமல் தொண்டை உப்பக் கூவும். கூவும்போதே தலையை அப்படியும் இப்படியும் திருப்பும். அதனால் குரல் ஒரு நொடி இந்த மரத்திலிருந்தும் மறுநொடி அடுத்த மரத்திலிருந்தும் வருவதுபோல் இருக்கும். நாங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்போம். அண்ணாச்சி ஓரிடத்தில் நின்று கேட்பார், பத்தடி தள்ளிப் போய் மறுபடி கேட்பார். இரண்டு இடத்திலிருந்தும் கேட்ட திசைகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அந்தக் கிளையைக் காட்டுவார். பச்சை உடம்பும் சிவந்த நெற்றியுமாக அங்கே அது உட்கார்ந்திருக்கும்.

அவர் காதின் முழு அருமை தெரிவது குளிர்காலத்தில்தான். செப்டம்பர் வாக்கில் வடக்கேயிருந்து கதிர்க்குருவிகள் வந்து சேரும். உருவத்தை வைத்து அவற்றைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். ஒரு நொடிகூட அசையாமல் இருக்காது. குரல் ஏமாற்றாது. புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்கியதுபோல் ஒற்றை 'செக்' வந்தால் பிளித் நாணல் கதிர்க்குருவி. மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு அசையாக 'ச்சிஸ்வீ' என்று இழுத்தால் இலைக் கதிர்க்குருவி. இங்கேயே வசிக்கும் சாம்பல் கதிர்க்குருவி பறக்கும்போது மின்பொறி தெறிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். அது சிறகால் வருகிறதா, அலகால் வருகிறதா என்று அறிந்தவர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியில் தீராத ஆசை. சிறகுதான் என்று கடைசிவரை சாதித்தார்.

அவரிடம் நான் மிகவும் மதித்தது இன்னொன்று. ஒரு முறை கேட்டதை வைத்துப் பெயர் சொல்லவே மாட்டார். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சாக எடுத்துவிடும். அணில் கத்துவதைப் பறவை என்று நம்பிப் புதியவர்கள் ஓடுவார்கள். "ரெண்டாந் தடவ கூப்பிடட்டும் தம்பி, பேரு எங்கியும் ஓடிராது" என்பார். குரலைப் பதிந்து நொடியில் பெயர் சொல்லும் செயலிகள் இன்று கைப்பேசியில் இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன், உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது குரலுக்காகக் காத்து நிற்கும்போது காட்டில் மற்ற எல்லாமும் காதில் விழும். அதைச் செயலி தராது.

ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்கள்மேல் மட்டும் அவருக்குக் கோபம் வரும். தன் எல்லைக்குள் போட்டி ஆண் நுழைந்துவிட்டது என்று எண்ணி, கூட்டைக் கவனிக்க வேண்டிய பறவை சண்டைக்கு வந்து அலையும். இனப்பெருக்கக் காலத்தில் அது பெரிய கொடுமை. அவர் சொன்னது முழுக்கச் சரி என்றே நினைக்கிறேன்.

போன ஆண்டு அவர் காலமானார். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இம்முறை அவர் இல்லாமல் நின்றோம். தெரியாத குரல் வந்தபோதெல்லாம் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம், அவர் வழக்கமாக நிற்கும் பக்கம். மனம் தாங்கவில்லை.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை வீட்டார் எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்த்தது', 'கேட்டது' என்று இரண்டு கட்டம். இரண்டாவதுதான் நிறைந்து வழிகிறது. ஆறுமணிக் குருவி வந்த தேதிகளை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து தெற்கே வரும், தோட்டக்கள்ளன் என்றும் பெயருள்ள அந்தக் குருவி, விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும். அவர் தெருவில் அதன் முதல் குரல் கேட்ட நாள் ஆண்டுதோறும் பதிவாகியிருக்கிறது. எங்கள் குழுவிலேயே இளையவள் அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாக ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து புரியாத இடங்களில் என்னைக் கூப்பிடுகிறாள். அந்த எழுத்து எனக்குப் பழக்கம்.