எட்டில் ஐந்து அடி பல்லவி

'இதுல கவிஞனுக்கு என்ன வேலை இருக்கு?' 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாடல்களின் அமைப்பைப் பார்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ரோந்தோ, பலாத், விர்லே என்று மூன்று வடிவங்கள். எந்த அடி எங்கே திரும்பி வர வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. எஞ்சினியர் புத்திக்கு அது ஃபார்முலா மாதிரிதான் தெரியும்.

ரோந்தோவின் எட்டடி வகையை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு அடிகள் பல்லவி. முதலடி நான்காவது இடத்தில் தனியாகத் திரும்பும். ஏழிலும் எட்டிலும் இரண்டுமே திரும்பும். ஆக, ஐந்து அடி பல்லவிக்கே போய்விடுகிறது. புதிதாக எழுத வேண்டியது மூன்றே அடி. மெட்டும் இரண்டே துண்டுதான்: ஒன்றை ஐந்து முறை பாட வேண்டும், மற்றதை மூன்று முறை.

சுலபம் போலிருக்கிறதா? முதலடி தனியாகவும் நிற்க வேண்டும், இரண்டாம் அடியோடு சேர்ந்தும் நிற்க வேண்டும். கடைசியில் வரும்போது அதே சொற்கள் வேறு கனத்தோடு கேட்க வேண்டும். அந்தக் கனத்தை ஏற்ற இருப்பது நடுவிலுள்ள மூன்று அடிகள் மட்டுமே. அவை சும்மா இடத்தை நிரப்பினால் பாட்டு செத்துவிடும்.

கியோம் த மாஷோ (இறப்பு 1377) இந்த வடிவங்களின் பெரிய ஆசான். முடிவையும் தொடக்கத்தையும் பற்றிய அவருடைய ரோந்தோ ஒன்றில் இரண்டு குரல்கள் ஒரே மெட்டைப் பாடுகின்றன, ஒன்று முன்னிருந்து பின்னாக, மற்றது பின்னிருந்து முன்னாக. மூன்றாவது குரல் பாதி வழி போய், வந்த வழியே திரும்புகிறது. அபாரமான கட்டுமானம். ஆனால் அந்தத் தலைகீழைக் காதால் பிடிப்பது கஷ்டம். ஏட்டைப் பார்த்தால்தான் புரியும். அதை வியக்கிறேன், அது என்னைக் கலங்கடிக்கவில்லை.

கலங்கடித்தவர் கிறிஸ்தீன் த பிசான். 25 வயதில் கணவரை இழந்தவர். பலாத்தில் மூன்று கண்ணிகளும் ஒரே அடியில் முடிய வேண்டும். தனிமையைப் பற்றிய ஒரு பலாத்தில் அவர் அதோடு நிற்கவில்லை. மூன்று கண்ணிகளிலும் ஒவ்வோர் அடியையும் 'தனித்தவள்' என்று பொருள்படும் ஒரே சொல்லில் தொடங்குகிறார். விதி கேட்டதைவிட அதிகமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறார். துக்கத்தில் இருப்பவர் சொன்னதையேதானே சொல்லிக்கொண்டிருப்பார்? நகராமல் நிற்கும் துக்கத்துக்கு, நகர மறுக்கும் வடிவம்.

கிறிஸ்தீன் இசையமைப்பாளர் அல்ல. ஆனால் 1392இல் யுஸ்தாஷ் தேஷாம் எழுதிய கவிதை இலக்கணம் சொல்லின் ஓசையையே 'இயற்கை இசை' என்றது. அந்த அர்த்தத்தில் இந்தப் பலாத்தும் இசைதான்.

பழைய கையெழுத்துப் படிகளில் திரும்பி வரும் பல்லவியின் முதல் சில சொற்களை மட்டும் எழுதி விட்டுவிடுவது வழக்கம். பாடுபவருக்கு அது போதும். வாசிக்கிற நாம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். பிறகு 'வெறும் ரிப்பீட்' என்று குறை சொல்கிறோம். எட்டு அடியையும் வாய்விட்டு, முழுசாகப் படித்துப் பாருங்கள். கடைசிப் பல்லவி முதல் பல்லவி மாதிரியே கேட்டால், தாராளமாக அந்தக் கவிதையைத் தள்ளிவிடலாம். வடிவத்தைத் தள்ள அது காரணமாகாது.