இரட்சணிய யாத்திரிகத்தில் தனிமையும் துணையும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பற்றிய ஆய்வுகள் பலவும் கம்பனின் செல்வாக்கையே பேசியுள்ளன. காப்பியத்தின் அடிநாதமாகிய தனிமை போதிய அளவு கருதப்படவில்லை.

ஜான் பனியனின் மூலநூலில் (1678) மனைவி மக்களைப் பிரிந்து ஓடும் பயணி, வழியில் தோழர் இருவரை அடுத்தடுத்துப் பெறுகிறான். முன்னவன் கொலையுண்டபின், பின்னவன் இறுதி ஆற்றைக் கடக்கத் துணையாகிறான். இக்கதையமைப்பைத் தழுவிய கிருஷ்ண பிள்ளையின் தனித்தன்மை, இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்களில் வெளிப்படுகிறது. பிரபந்தத்தைக் கோஷ்டியாகச் சேவிக்கும் வைணவ மரபில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். கூடி ஓதும் இன்பத்தை இழக்க அவர் ஒருப்படவில்லை எனலாம்.

பதிகம் ஒன்று, இறைவனையன்றித் தனக்குத் துணை யார், உறவு யார் எனப் பாட்டுத்தோறும் ஈற்றில் வினவுகிறது. சுற்றம் நீங்கியவனின் வினா இது; உரைநடையில் எழுதியிருப்பின் புலம்பலாகவே நின்றிருக்கும். ஈற்றடி மீண்டும் மீண்டும் வருவதால் சபை முழுவதும் அதனை ஏற்றுப் பாட இயல்கிறது. தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் அது பாடப்படுகிறது. வேறு உறவில்லை என்பதை, உறவினராய்க் கூடியோர் ஒரே குரலில் பாடுகின்றனர். இம்முரண் பனியனிடம் இல்லை. வெறுந்தழுவல் என இந்நூலை ஒதுக்குவோர் பதிகங்களை விடுத்தே படித்தனர் போலும்.