கம்மியா சிரிங்க

காலையில் வாய் கொப்பளிக்கும்போதுதான் தெரியவரும். தண்ணீர் ஒரு கடைவாய் வழியாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். "ரயில்ல ஜன்னலோரமா உக்காந்து வந்தியே, காத்து அடிச்சிருச்சு" என்பார்கள் வீட்டில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போய்வருகிறவர்களுக்கு ஜன்னல் காற்று அன்றாடம் உள்ளதுதான். பாவம், பழி அதன்மேல் விழுகிறது. உள்ளே நடந்தது வேறு: காதுக்குப் பின்னாலுள்ள குறுகலான எலும்புக் குழாய்க்குள் ஏழாம் மூளை நரம்பு வீங்கி நெரிபடுகிறது. இதுதான் முகவாதம். லண்டனில் இந்த நரம்பை ஆராய்ந்து 1821-இல் எழுதிய சார்லஸ் பெல்லின் பெயரால் மருத்துவர்கள் இதை 'பெல்ஸ் பால்சி' என்பார்கள்.

மருத்துவர் முதலில் சொல்வது, "புருவத்தைத் தூக்குங்க." அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு நுட்பம்! நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றிச் சுருக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். முகவாதத்தில் நெற்றியும் வழவழவென்று ஆகிவிடும். இதை வீட்டிலேயே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

அந்த நரம்பு விட்டுப்போன வேலைகளைக் கவனியுங்கள். கன்னத் தசை தள்ளாததால் பருக்கை ஈறோரம் தங்கிவிடும். நாக்கின் முன்பகுதியில் ஒரு பக்கம் சாம்பார் ருசிக்காது. குக்கர் விசில் அந்தக் காதில் மட்டும் அறைந்தாற்போல் கேட்கும். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத் தசை காதுக்குள் இருந்து சத்தத்தை மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரியும். 'ப', 'ம' சொன்னால் காற்று கசியும். உதடு ஒட்டாமலும் குவியாமலும் நிரோட்டக அந்தாதி பாட, புலவர் சிவப்பிரகாசருக்குப் பெரும்புலமை வேண்டியிருந்தது. முகவாதம் வந்தவரோ கேட்காமலே பாதி நிரோட்டகக்காரர் ஆகிவிட்டார்!

அக்கம்பக்கத்தார் "சுயிங்கம் மெல்லு, பலூன் ஊது" என்பார்கள். மெல்லும் தசை ஐந்தாம் நரம்பின் ஆள். அதற்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. பலூனோ நல்ல பக்கத்தைத்தான் இன்னும் இழுக்கும்.

பிசியோதெரபிஸ்ட் செய்வது இதற்கு நேர்மாறு. முகம் அசையாத நாட்களில் கண்ணைக் காப்பதே பெரிய வேலை: பகலில் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி ஒட்டுப்பட்டை. பிறகு கண்ணாடி முன் உட்கார வைப்பார். இரண்டு விரலால் புருவத்தை மெல்ல ஏந்தி, "நான் தூக்குறேன், நீங்க கூட வாங்க" என்பார். விரல் கொடுக்கும் பலம் நாளுக்கு நாள் குறையும். எப்போது விட்டது என்று நோயாளிக்கே தெரியாது. சைக்கிள் பழக்கும் அப்பா பின்னாலிருந்து கையை எடுப்பது போல.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த கட்டம். "சிரிங்க" என்பார். நல்ல பக்கம் ஆர்வமாகப் பாயும். "கம்மியா. இன்னும் கம்மியா." பலவீனமான பக்கத்தால் எவ்வளவு முடியுமோ, அவ்வளவே நல்ல பக்கமும் சிரிக்க வேண்டும். டன் கணக்கில் இரும்பை உருக்கி உருட்டும் கும்மிடிப்பூண்டியில், ஒருவர் தன் உதட்டோரத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பழகுகிறார். நரம்பு வளர்வதும் அதே அளவில்தான்: அறுந்த இழை மீண்டும் நீளும்போது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

வளரும் இழை சில சமயம் வழி தவறும். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்விடும். சிரித்தால் கண் தானே சுருங்கும். அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. உதட்டைக் குவித்து 'உ' சொல்ல வேண்டும், கண் திறந்தே இருக்க வேண்டும். இமை துடிக்கப் போகிறது என்று தோன்றும் மயிரிழைக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். இளைப்பாறிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து, பிள்ளையார் சுழி போடுவது போல, ஒரு சின்ன 'உ'.