எப்போதாவது எழுதுகிறவர்கள்

புளியஞ்சோலையில் பாறைமேல் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால், படிக்காத இடுகைகள் 1,143 என்று காட்டியது. கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு, காட்டுக்குள் புகுந்து இறங்கி, இந்த அடிவாரத்தில் முழங்காலளவுத் தண்ணீராக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் துறையூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்துவிடும். மூன்று நாள் செயலியைத் திறக்காததற்கு அபராதம் போட்டதுபோல அந்த எண் திரையில் நின்றது. அதே மூன்று நாளில் இந்தப் பாறையைத் தாண்டி எவ்வளவோ தண்ணீர் போயிருக்கும். அதற்கு யாரும் பாக்கிச் சீட்டு எழுதிவைக்கவில்லை.

இந்த ஒப்பீடு வலிந்து வந்ததல்ல. ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சொல்வதைத் தமிழ்ப் பதிவர்கள் 'ஓடை' என்றும் 'செய்தியோடை' என்றும் சொல்லிப் பழகினார்கள். மூலச்சொல்லில் தீனி போடுகிற வாடை இருக்கிறது. தமிழ்ச்சொல்லில் தண்ணீர் இருக்கிறது. அரிதாக, மூலத்தைவிடப் பொருத்தமாக அமைந்துவிட்ட கலைச்சொல். ஆனால் அந்த ஓடைகளைப் படிக்க நமக்குக் கிடைத்த கருவிகள் ஆற்றைப் பார்த்துச் செய்தவை அல்ல, அஞ்சல் பெட்டியைப் பார்த்துச் செய்தவை. நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளுக்குச் சந்தா வைத்திருக்கும் பழக்கத்தில் இருக்கிற கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழக்கத்தின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தளமும் தன் புதிய இடுகைகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பாக ஒரு முகவரியில் வைத்திருக்கும். நம் செயலி அவ்வப்போது அங்கே போய்ப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துவரும். 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிவைத்த ஆர்.எஸ்.எஸ். வடிவம் 2002-ல் 2.0 ஆக நிலைபெற்றது. 2005-ல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவமும் தரநிலையாயிற்று. அடிப்படை அவ்வளவுதான். எழுதுகிறவருக்கு நாம் யாரென்று தெரியாது, மின்னஞ்சல் முகவரி தர வேண்டியதில்லை. நமக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று நடுவில் ஒரு நிறுவனம் முடிவு செய்வதில்லை. முகநூலில் ஒரு நண்பர் எழுதியது நம் கண்ணில் படுவது அந்த நிறுவனத்தின் தயவு. ஓடையில் வராமல் போனால் அவர் எழுதவில்லை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிமையான உத்தரவாதத்தை அதற்குப் பின் வந்த சமூக ஊடகங்களில் பெரும்பாலானவை தரவில்லை.

தமிழில் இந்தப் பழக்கம் தனித்தனி வாசகரிடம் தொடங்கவில்லை, பொதுவில் தொடங்கியது. 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியைத் தொடங்கினார். பின்னால் தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி, தமிழிஷ் என்று பலவும் வந்தன. ஊருக்கு ஒரு குளம்போல எல்லா ஓடைகளும் ஓரிடத்தில் கலந்தன. சந்தாவை நிர்வகிக்கிற வேலை வாசகனுக்கு இல்லை, திரட்டிக்குத்தான். புதிதாக எழுத வந்தவர் தன் பதிவைச் சேர்த்துவிட்டால் போதும், அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்காரரும் டொராண்டோக்காரரும் படித்துவிடுவார்கள். தமிழ் வலைப்பதிவு ஒரு சமூகமாகத் திரண்டதற்குத் தனிப்பட்ட எழுத்தாளர்களைவிடத் திரட்டிகளே காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் குளத்துக்கு அதன் குணம் உண்டு. முகப்பில் புதியது மேலே, பழையது கீழே. காலையில் எழுதிய இடுகை மாலைக்குள் கண்மறைவாகப் போய்விடும். புதிய மறுமொழி வந்த இடுகைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்ததால், நாலு பேர் சேர்ந்து 'கும்மி' அடித்தால் ஓர் இடுகையை நாள் முழுக்க மேலேயே மிதக்க வைக்கலாம். 'சூடான இடுகைகள்' என்ற பட்டியல் வந்தபின் தலைப்பில் நெருப்பு வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் பலர். தினம் எழுதுகிறவர், சண்டை போடுகிறவர், நண்பர் கூட்டம் உள்ளவர் ஆகிய மூவருக்கும் இந்த அமைப்பு கைகொடுத்தது. மாதத்துக்கு ஒன்று, யோசித்து, சத்தமில்லாமல் எழுதுகிறவரை அது ஒன்றும் செய்யவில்லை, கைவிட்டது, அவ்வளவே. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. நேர வரிசை என்ற மிக நியாயமான விதியே இந்த அநியாயத்தைச் செய்தது.

அதற்கு மாற்றாகத்தான் என் போன்றவர்கள் 2005-ல் வந்த கூகுள் ரீடர் என்ற ஓடைப்படிப்பானுக்குப் போனோம். பிடித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், ஃபோல்டர் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: இலக்கியம், அரசியல், சினிமா, கணினி, சமையல், பயணம். ஒரு வருடத்துக்குள் நானூற்றுக்கு மேல் சேர்ந்தன. ஒரு பதிவின் ஓரத்தில் இருக்கும் 'நான் படிப்பவை' பட்டியலில் இன்னும் பத்துப் பேர், அவர்கள் ஓரத்தில் இன்னும் பத்துப் பேர். சேர்ப்பதற்கு ஒரு சொடுக்கு போதும். படிப்பதற்கு ஆயுள் வேண்டும்.

பொருள்வாரியான ஃபோல்டர் நூலகத்திலிருந்து வந்த யோசனை. புத்தகத்துக்குப் பொருள் உண்டு, அதனால் அலமாரி உண்டு. தமிழ்ப் பதிவருக்கு அப்படி ஒரு பொருள் இருந்ததே இல்லை. திங்கட்கிழமை இளையராஜா, புதன்கிழமை கேஸ் சிலிண்டர் வராத கதை, வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயில் பயணம், அடுத்த வாரம் ஈழம். இவரை எந்த அலமாரியில் வைப்பது? சமையல், கணினி போன்ற துறைப் பதிவுகளுக்கு இந்தப் பிரிப்பு ஓரளவு பொருந்தும். ஆளையே படிக்கிற இடத்தில் பொருள்வாரிப் பிரிப்பு ஒரு பாவனைதான்.

அதைவிடப் பெரிய குறை, எழுதும் வேகத்தை அது கணக்கில் எடுக்காதது. எழுத்தாளர் ஜெயமோகனின் தளத்தில் ஒரே நாளில் பல இடுகைகள் வரும். 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலையில் முடிந்த அவருடைய வெண்முரசு 26 நாவல்கள். எழுதிய காலமெல்லாம் நாளுக்கு ஓர் அத்தியாயம். அந்த ஓடையை 'இலக்கியம்' என்ற ஃபோல்டருக்குள், வருடத்துக்கு ஆறு கட்டுரை எழுதும் ஒருவரின் ஓடையோடு சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு என்றால் வருடத்துக்கு 1,460. வருடத்துக்கு ஆறு எழுதுகிற ஐம்பது பேரைச் சேர்த்தாலும் 300தான். பெரிய ஓடை ஒன்று போதும், ஐம்பது சிற்றோடைகளின் சத்தம் கேட்காமல் போய்விடும். தமிழ்மணத்தின் முகப்பில் நடந்த அதே அநியாயம், என் சொந்த ஃபோல்டருக்குள், நானே தேர்ந்தெடுத்த எழுத்தாளர்களிடையே நடந்துகொண்டிருந்தது. அது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

'நிறைய சந்தா வைத்திருக்காதே, ஐம்பதோடு நிறுத்து' என்று இந்த விஷயத்தில் அறிவுரை சொல்கிறவர்கள் தவறான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றே நினைக்கிறேன். முந்நூறு மௌன ஓடைகள் யாருக்கும் பாரம் இல்லை. எழுதாதவர் நம் நேரத்தில் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்வதில்லை. நெரிப்பவை தினம் பொழியும் பத்து. ஆனால் களை எடுக்கிறேன் என்று இறங்குகிறவர் முதலில் என்ன செய்கிறார்? 'ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை' என்று மௌனமானவற்றையே நீக்குகிறார். செயலிகளும் 'செயலற்ற ஓடைகள்' என்று பட்டியல் போட்டு அதற்கு உதவுகின்றன. தினம் எழுதுகிறவரின் தளத்தை நினைத்தபோது நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அங்கே எப்போதும் ஏதாவது இருக்கும். மூன்று வருடம் பேசாமல் இருந்தவர் திடீரென்று எழுதினால் அதைத் தெரிந்துகொள்ள ஓடையைத் தவிர வேறு வழியே கிடையாது. கருவி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் ஒழுங்கு என்ற பெயரில் வெளியே தள்ளுகிறோம்.

படிக்காதவற்றின் எண்ணிக்கைக்கு வருவோம். கடிதம் என்பது நமக்கென்று ஒருவர் எழுதியது. படிக்காமல் கிடந்தால் குற்றவுணர்வு நியாயம். இடுகை நமக்கென்று எழுதியதல்ல. ஆனாலும் அதே தடித்த எழுத்து, அதே எண். கூகுள் ரீடர் ஆயிரத்தைத் தாண்டினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு '1000+' என்று காட்டும். அதில் ஒரு கருணை இருந்ததாக இப்போது தோன்றுகிறது. ஆர்.எஸ்.எஸ்ஸை வளர்த்தவர்களில் ஒருவரான டேவ் வைனர், இதை நதியாகப் பார்க்கவேண்டும், கண்ணில் பட்டதைப் படித்துவிட்டு மற்றதைப் போகவிட வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். பாதி சரி. நதிப் பார்வை தினசரிச் செய்திக்குப் பொருந்தும். அரிதாக எழுதுகிறவரையும் அது போகவிட்டுவிடும் என்பதுதான் சிக்கல்.

சலித்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். இனோரீடர் போன்ற செயலிகளில் குறிப்பிட்ட சொல் வரும் இடுகைகளை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓரளவு நடக்கும். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் கருவி தமிழிடம் தோற்றுப்போகிறது. 'ஐயாறு' என்று தேடினால் 'ஐயாற்றில்' குளித்தவர் சிக்கமாட்டார். 'மரம்' என்றால் 'மரத்தை' வெட்டியவர் தப்பிவிடுவார். கொல்லிமலை பற்றி எழுதுகிறவர்களைத் தொடர்வதற்காக 'ஓரி' என்று ஒரு சல்லடை போட்டேன். கடையேழு வள்ளல்களில் ஒருவர் கிடைப்பார் என்று பார்த்தால் 'ஓரிரு நாளில் மழை', 'ஓரிடத்தில் நில்லாமல்' என்று ஊர்ப்பட்டவர்கள் வந்து நின்றார்கள். 'மலை' என்று போட்டால் அண்ணாமலை என்ற பெயருள்ள அத்தனை பேரும் வருவார்கள். சொல்லின் வேரைப் பிரித்தறியும் தேடல் கூடினால் ஒழிய, தமிழ் ஓடைகளைச் சொல்லால் சலிப்பது வீண் வேலை.

சேர்த்துவைத்த பட்டியல் எவ்வளவு நிலையானது என்பதும் கேள்விதான். 2013 மார்ச்சில் அறிவித்துவிட்டு ஜூலை 1-ஆம் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டது. சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது என்பதால் ஃபீட்லிக்கோ வேறொன்றுக்கோ மாறுவது பத்து நிமிட வேலை. இதுவும் இந்த அமைப்பின் பலமே. முகநூலில் நாம் பின்தொடர்கிறவர்களை இப்படி மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட முடியுமா? இருந்தும் தமிழ் வாசகர்களில் பலர் அந்த ஜூலையில் வேறு ஓடைப்படிப்பானுக்குப் போகவில்லை, முகநூலுக்குப் போனார்கள். கோப்பை எடுத்துவைத்தவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. 2012-ல் பிளாகர் பதிவுகள் இந்திய வாசகர்களுக்கு 'பிளாக்ஸ்பாட்.இன்' என்ற முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்த முகவரியிலேயே ஓடையைச் சேர்த்தவர்கள் உண்டு, நானும் பலவற்றை அப்படிச் சேர்த்தேன். 2020-ல் அந்த முகவரிப் பெயரே கூகுளின் கையைவிட்டுப் போனது. எழுதினவர் இருக்கிறார், எழுத்து 'காம்' முகவரியில் பத்திரமாக இருக்கிறது, என் பட்டியலில் மட்டும் செத்த வரிகள். ஒவ்வொன்றாக 'இன்'னை 'காம்' ஆக்கிய இரண்டு மாலைகளை இந்தப் பழக்கத்துக்கு நான் கொடுத்த வரியாகக் கருதுகிறேன்.

கவனிக்காமல் விடுகிற இன்னொன்று. வேர்ட்பிரஸ் ஓடையில் வழக்கமாகக் கடைசிப் பத்து இடுகைகள்தான் இருக்கும், பிளாகரில் இருபத்தைந்து. செயலி நம் கணினிக்குள் மட்டும் இயங்குவதாக இருந்து, ஒரு நாளைக்கு ஐந்து எழுதுகிற தளத்தை ஒரு வாரம் திறக்காமல் விட்டால் இடையில் வந்தவை கைக்குச் சிக்காது. இணையத்திலேயே இயங்கும் செயலிகளில் இந்தத் தொல்லை குறைவு.

இப்போது என்னிடம் மூன்றே ஃபோல்டர்கள். தினம் எழுதுகிறவர்கள், அவ்வப்போது எழுதுகிறவர்கள், எப்போதாவது எழுதுகிறவர்கள். முதல் ஃபோல்டரின் எண்ணிக்கை தெரியாதபடி அணைத்துவைத்திருக்கிறேன், தோன்றினால் திறப்பேன். மூன்றாவதில் வருவது ஒன்றையும் விடுவதில்லை. இதற்கும் விலை உண்டு. தினம் எழுதிக்கொண்டே நன்றாகவும் எழுதுகிறவர்களுக்கு நான் நியாயம் செய்யவில்லை. அவர்களுடைய நல்ல கட்டுரை ஒன்றை நண்பர் சொல்லி மூன்று மாதம் கழித்துப் படிக்க நேர்ந்திருக்கிறது. மிளகு விலையையோ மருத்துவ ஆய்வையோ தொழிலுக்காகத் தொடர வேண்டியவருக்கு இந்தப் பிரிப்பு உதவாது, அவர் பொருள்வாரியாகத்தான் போகவேண்டும். நான் சொல்வது ஆட்களைப் படிக்கிறவர்களுக்கு.

அன்று பாறையிலிருந்து எழுந்திருக்கும் முன் முதல் இரண்டு ஃபோல்டர்களில் 'எல்லாம் படித்தாயிற்று' என்று அழுத்தினேன். 1,143-ல் மிஞ்சியது ஒன்று. நாலு வருடமாக ஒரு வரியும் எழுதாமலிருந்த ஒருவர், ஊர்க் கிணற்றைத் தூர் வாரினதைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தார். படம் இல்லை. பின்னூட்டம் ஒன்றுகூட வரவில்லை. சிக்னல் ஒரு கோடு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நான் எழுதின பின்னூட்டம் போய்ச் சேர்ந்ததா என்று புளியஞ்சோலையில் தெரியவில்லை, துறையூர் வந்து பார்த்தேன். போயிருந்தது, இரண்டு தடவை.