பழி கணிப்பொறிமேல், குறை எங்கே?

ஒரு செயலியைச் சொடுக்குகிறோம். சாளரம் தோன்றப் பல விநாடிகள் ஆகின்றன. உடனே, "கணிப்பொறி பழையதாகிவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு எப்போதும் சரிதானா? லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவையே எடுத்துக்கொள்வோம்.

2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04 பதிப்பு, ஃபயர்பாக்ஸ் உலாவியை 'ஸ்நாப்' வடிவில் மட்டுமே தந்தது. ஸ்நாப் என்பது செயலியையும் அதன் துணைக் கோப்புகளையும் இறுக்கிக் கட்டிய மூட்டை. வட்டிலும் அது கட்டிய நிலையிலேயே இருக்கும்; வேண்டிய பகுதி மட்டும் அவ்வப்போது விரித்துப் படிக்கப்படும். எக்ஸ்.இசட். என்னும் இறுக்கும் முறையில் இடம் மிகவும் மிச்சம். ஆனால் விரிக்க நேரம் அதிகம். போதாக்குறைக்கு, முதல் தொடக்கத்தில் எல்லா மொழித் தொகுப்புகளும் நகலெடுக்கப்பட்டன.

எதிர்ப்பு எழுந்தபின், அதே ஆண்டில் எல்.இசட்.ஓ. முறைக்கு மாறினார்கள். மூட்டை பருத்தது, தொடக்கம் விரைவாயிற்று. கணிப்பொறி என்னவோ பழையதேதான்!

ஸ்நாப் முறையில் நன்மையே இல்லை என்று கூறவில்லை. ஒரே மூட்டை பல பதிப்புகளுக்கும் பொருந்தும். செயலியைத் தனியே அடைத்து வைப்பதால் பாதுகாப்பும் உண்டு. ஆனால் குறைகளைத் திருத்துமுன் அதை எல்லார்மீதும் சுமத்தியது முறையன்று. அதன் விலையைச் செலுத்தியவர்கள், பழைய சுழல்வட்டுக் கணிப்பொறியை நம்பியிருந்தவர்களே.

உங்கள் கணிப்பொறியில் குறை எங்கே? ஒரு கடிகாரம் போதும். கணிப்பொறியை இயக்கியதும் செயலியைத் திறந்து நேரத்தைக் குறியுங்கள். மூடிவிட்டு மீண்டும் திறவுங்கள். இரண்டாம் முறை விரைவாகத் திறந்தால், முதல் தாமதம் பெரும்பாலும் வட்டிலிருந்து படித்ததால் வந்தது. படித்தவற்றை லினக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இரு முறையும் தாமதமா? செயலகம் மும்முரமாக இருந்தால், உண்மையிலேயே வேலை நடக்கிறது. செயலகமும் வட்டும் சும்மா இருந்தால், செயலி யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 25 விநாடி என்றால், செயலிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் டி-பஸ் அமைப்பை ஐயுறலாம். பதிலுக்காக அது வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அதுவே. அப்போது புதிய நினைவகம் வாங்கிப் பொருத்தினாலும் அந்த 25 விநாடி குறையாது.

ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் அளந்து பாருங்கள்.