குரலும் வரிவடிவும்: முலுண்டில் கணினிவழிக் கதைசொல்லல்

1994இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட் முதலியோர் உருவாக்கிய கணினிவழிக் கதைசொல்லல், சொல்பவரின் சொந்தக் குரலைப் படங்களோடு இணைத்துக் குறும்படமாக்கும் முறையாகும். வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலமும் வழங்கும் முலுண்டுக் குழந்தைக்கு இது பெருங்கொடை. தமிழெழுத்து அறியாமலே தமிழில் கதையாசிரியராகலாம். எனினும் குரலே போதும் என்பது ஏற்புடையதன்று. 1996இல் நியூ லண்டன் குழுவினர் முன்வைத்த பன்மை எழுத்தறிவுக் கோட்பாடும் எழுத்தை விலக்கவில்லை.

கதைக்குத் துணையுரை எழுதப் புகும் குழந்தை, தானறிந்த தேவநாகரியையே நாடும். மராத்தி எழுத்துவழக்கில் எகர, ஒகரக் குறில்நெடில் வேறுபாடில்லை. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒன்றாகும். ழகரமும் இல்லை, வாழை வாளைமீனாகும். (ழகரத்தைப் பேச்சில் இழந்தோர் தமிழகத்திலும் உளர், குறில்நெடிலை இழந்தோர் இலர்.) ஆகவே குரற்பதிவை மீளக் கேட்டுத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதும் பயிற்சியை, படம் இணைக்கும் முன்னரே வைத்தல் வேண்டும்.