முதல் பணமும் மேல் பணமும்

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுதிய ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கில் என்னைக் கவர்வது அதன் கறார். அன்றாடக் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் தொகைகள் ஏறும். ஒரு காசு உதைத்தாலும் கடை நடக்கும் கிட்டங்கியில் விளக்கு அணையாது. மலாயாவில் மேலாள் எழுதி அனுப்பிய அந்தத் தாளை வைத்துத்தான், செட்டிநாட்டு முதலாளி கண்ணால் காணாத வட்டிக்கடையை எடை போட்டார்.

பணம் யாருடையது என்பதை அது பெயர் சொல்லிப் பிரிக்கும். முதலாளி போட்டது முதல் பணம். உறவினரும் கோயிலும் கொடுத்துவைத்தது மேல் பணம். கெடு வைத்து, வட்டியோடு திருப்ப வேண்டியது தவணைப் பணம். நட்டம் வந்தால் முதலில் கரைவது எது, நெருக்கடி வந்தால் முதலில் கதவைத் தட்டுவது எது என்று இந்த மூன்று வரியிலேயே தெரிந்துவிடும். இன்றைய இருப்புநிலைக் குறிப்பில் மூலதனமும் கடன்களும் தனித்தனியே நிற்பதும் இதற்காகத்தான்.

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் மலாக்கா மண்ணுக்கு அடமான மதிப்பு கூடியது. 1910-இல் லண்டனில் ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர், 1932-இல் 2 பென்சுக்கும் கீழே விழுந்தது. செட்டியார்களிடம் தோட்டத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியவர்கள் கைவிரித்தார்கள், அந்தத் தோட்டங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன.

கணக்குக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முதல் 20,000 வெள்ளி, மேல் பணம் 30,000, தவணை 50,000. எதிரே கொடுத்த கடன் 90,000, ரொக்கம் 10,000. கடனில் 60,000 தோட்டமாக மாறினாலும் கூட்டுத்தொகை அதே ஒரு லட்சம்தான். ஆனால் கெடு வரும் தவணைக்குத் தோட்டத்தை வெட்டிக் கொடுக்க முடியாது. தோட்டம் பாதி விலைக்குத்தான் போகும் என்றால் 30,000 நட்டம். முதல் முழுவதும் போய், மேல் பணத்திலும் 10,000 கரைந்துவிடும்.

ஐந்தொகையின் நயம் இங்கேதான் இருக்கிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, கூட்டல் பிசகவில்லை. ஆனாலும் கடை ஆட்டம் கண்டுவிட்டது. அதைப் பிடிக்க, சென்ற ஆண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து ரொக்கம் எங்கே போய் உறைந்தது, தோட்டத்தை எந்த விலையில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ தோட்டக் கம்பெனியோ ஆண்டறிக்கையை நீட்டினால், தேர்ந்த கண் அடியிலுள்ள கூட்டுத்தொகையில் நிற்காது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படிதானே அதை எழுதுகிறார்கள்!